ஒரே விடைக்கு ரெண்டு ஃபங்ஷன்: ஒண்ணு மட்டும் ஏன் ஹேங் ஆகுது?

மேத்தமேட்டிகா இருக்கிற ஒரு சிஸ்டம் கிடைத்தால் ரெண்டே ரெண்டு வரி போட்டுப் பாருங்க. முதல் வரியில் ‘பார்ட்டிஷன்ஸ்-பி’ என்ற ஃபங்ஷனுக்கு 100 கொடுங்க. என்டர் தட்டி கையை எடுப்பதற்குள் 19,05,69,292 என்று விடை வந்துவிடும். ரெண்டாவது வரியில் ‘இன்டிஜர் பார்ட்டிஷன்ஸ்’ என்ற ஃபங்ஷனுக்கு அதே 100 கொடுத்து, வருகிற லிஸ்ட்டின் நீளத்தை ‘லெங்த்’ வைத்துக் கேளுங்க. கணக்குப்படி அதே விடைதான் வரணும். ஆனால் அதுக்கு முன்னாடி ஃபேன் கத்தும், மெமரி நிரம்பும், 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் என்றால் மௌஸ்கூட நகராது. (ஓப்பனா இருக்கிற ஃபைலை எல்லாம் முதல்ல சேவ் பண்ணிடுங்க.)

ரெண்டு ஃபங்ஷனும் ஒரே கம்பெனி எழுதியது. பெயரும் கிட்டத்தட்ட ஒண்ணு. கேள்வியும் ஒண்ணு. அப்புறம் எங்கே போச்சு நேரம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ஒருத்தர் வரைக்கும் கொண்டுபோய் விடும். ப்ராஜெக்ட்டில் மேத்தமேட்டிகா, சிம்பை, லிஸ்ப் என்று எந்த சிம்பாலிக் மொழியைத் தொடுகிறவருக்கும் இது உதவும். ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி ‘ரன்னிங்...’ என்று மட்டும் காட்டிக்கொண்டிருக்கும் கோட், பெரும்பாலும் தப்பான கோட் இல்லை. சரியான விடையைத் தப்பான வழியில் தேடுகிற கோட்.

முதல்ல கணக்கு என்னன்னு பார்ப்போம்

பௌர்ணமிக்கு கிரிவலம் போன அனுபவம் இருக்கா? 14 கிலோமீட்டர். பெரிய கோயிலில் கிளம்பும்போது அஞ்சு ஃபிரெண்ட்ஸும் ஒண்ணாத்தான் கிளம்புவாங்க. மலையின் மேற்குப் பக்கம் அடி அண்ணாமலை வருவதற்குள் கூட்டணி உடைந்திருக்கும். நாலு பேர் முன்னாடி, கால் வலிக்கிற ஒருத்தர் பின்னாடி. இல்லாட்டி மூணு, ரெண்டு. யார் எந்தக் குழுவில் என்பதை விட்டுடுங்க, குழுக்களின் அளவை மட்டும் பாருங்க. 5; 4+1; 3+2; 3+1+1; 2+2+1; 2+1+1+1; 1+1+1+1+1. மொத்தம் 7 விதம். இதைத்தான் 5-இன் பார்ட்டிஷன் எண்ணிக்கை என்கிறோம். சுருக்கமாக பி(5) = 7 என்று எழுதிக்கொள்வோம்.

பி(10) = 42. பி(50) = 2,04,226. பி(100) தான் மேலே பார்த்த 19 கோடி. இன்புட் ரெண்டு மடங்கு ஆனபோது விடை 933 மடங்கு ஆயிடுச்சு. பி(200) கிட்டத்தட்ட 3 லட்சத்து 97 ஆயிரம் கோடி. பி(1000) என்பது 32 இலக்க எண்.

லிஸ்ட் போடுவது வேற, எண்ணுவது வேற

‘இன்டிஜர் பார்ட்டிஷன்ஸ்’ உண்மையிலேயே எல்லாப் பிரிப்பையும் ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறது. நாம் கேட்டது நீளம் மட்டும்தான். ஆனால் ‘லெங்த்’ வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னாடியே உள்ளே இருக்கிற எக்ஸ்பிரஷன் முழுசா மதிப்பிடப்பட்டு 19 கோடி லிஸ்ட்டாக மெமரியில் நிற்கணும். ஒரு லிஸ்ட்டுக்கு வெறும் 100 பைட் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் 19 ஜிபி.

மெமரியைப் பற்றிக் கவலைப்படாமல், ஒவ்வொன்றாக உருவாக்கி எண்ணிவிட்டுத் தூக்கிப்போடலாமே என்று தோணும். சிம்பையில் ‘பார்ட்டிஷன்ஸ்’ என்ற ஜெனரேட்டர் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தருகிறது. மெமரி பிரச்சினை தீர்ந்தது, நேரப் பிரச்சினை தீரவில்லை. செகண்டுக்கு ஒரு கோடி எண்ணுகிற வேகம் இருந்தாலும் பி(200)-ஐ எண்ணி முடிக்க நாலரை நாளுக்கு மேல் ஆகும். பி(1000)-க்கு பிரபஞ்சத்தின் வயசே பத்தாது.

ஆக, முதல் பாடம்: ஒரு ஃபங்ஷனின் பெயர் என்ன விடை வரும் என்றுதான் சொல்லும். எந்த வழியில் வரும் என்று சொல்லாது.

நல்ல சூத்திரம், மறதிக்கார ஃபங்ஷன்

எண்ணாமலே எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் ஒரு வழி சொல்லிவிட்டார். ஒரு எண்ணின் பி மதிப்பு வேணும்னா, அதிலிருந்து 1, 2, 5, 7, 12, 15, 22, 26 என்று கழித்தால் வரும் சின்ன எண்களின் பி மதிப்புகளை எடுத்து, ரெண்டைக் கூட்டி, ரெண்டைக் கழித்து, மறுபடி ரெண்டைக் கூட்டி, ரெண்டைக் கழித்துப் போகணும். பி(10) = பி(9) + பி(8) − பி(5) − பி(3). அதாவது 30 + 22 − 7 − 3 = 42. சரியா வந்துடுச்சு.

பி(200)-க்குத் தேவை 22 உறுப்புகள் மட்டும். 1-லிருந்து 200 வரைக்கும் மொத்த டேபிளையும் போட்டாலும் 4,400 கூட்டல் கழித்தலுக்குள் முடிந்துவிடும். பெர்சி மேக்மஹோன் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பி(200) வரை கையாலேயே கணக்கிட்டு டேபிள் போட்டது இந்த வழியில்தான்.

இப்போ இதை அப்படியே ரிகர்ஷனாக எழுதினால் என்ன ஆகும்? சிலபஸில் ஃபிபொனாச்சி எழுதுவது மாதிரி, பி தன்னைத்தானே கூப்பிடுகிறது. இங்கேதான் பெரிய அதிர்ச்சி. பி(100)-க்கு அந்த ஃபங்ஷன் 10-இன் 23-ஆம் அடுக்கைத் தாண்டி அழைப்புகள் போடும்! ஏன்னா பி(99)-உம் பி(98)-ஐக் கேட்கும், பி(100)-உம் பி(98)-ஐக் கேட்கும். ஒருமுறை கண்டுபிடித்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. ஃபிபொனாச்சியில் ஒரு அழைப்பு ரெண்டாகப் பிரியும், இங்கே அதைவிட அதிகமாகப் பிரிகிறது. மொத்தப் பிரிப்புகளே 19 கோடிதான். அதாவது, புத்திசாலி சூத்திரத்தை மறதியோடு எழுதினால், ஒவ்வொன்றாக எண்ணும் முட்டாள் வழியைவிட லட்சம் கோடி மடங்குக்கும் மேல் மோசமாகிவிடுகிறது.

மருந்து ரொம்பச் சின்னது. பைத்தானில் ஃபங்ஷன் தலையில் ‘எல்ஆர்யூ கேஷ்’ என்ற ஒரு வரி. உல்ஃப்ராம் மொழியில் விதியை எழுதும்போது நடுவில் இன்னொரு ‘பி(எண்) =’ சேர்த்தால் போதும். அப்போ கண்டுபிடித்த ஒவ்வொரு மதிப்பும் ஒரு புது விதியாக அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே சேர்ந்துவிடும். சிம்பாலிக் மொழியின் அழகு இது. அங்கே ஃபங்ஷன் என்பது மாற்று விதிகளின் தொகுப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபங்ஷன் தனக்குப் புது விதிகளை எழுதிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: ஒரே தாவலில் பி(5000) கேட்காதீங்க. பைத்தானில் ரிகர்ஷன் ஆழத்துக்கு இயல்பான எல்லை 1000. உல்ஃப்ராம் மொழியிலும் அப்படி ஒரு எல்லை உண்டு. சின்ன எண்ணிலிருந்து வரிசையாக மேலே ஏறினால் இந்தப் பிரச்சினையே வராது.

ராமானுஜன் வருகிறார்

ஆய்லர் வழியில் ஒரு குறை இருக்கு. பி(10 லட்சம்) வேணும்னா அதுக்குக் கீழே இருக்கிற 10 லட்சம் மதிப்புகளும் வேணும். கேட்டது ஒண்ணு, செய்யும் வேலை பத்து லட்சம்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டில் கிளார்க்காக இருந்து, 1914-இல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன், அங்கே ஹார்டியோடு சேர்ந்து 1918-இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் குறையைத் தீர்த்தது. சின்ன மதிப்புகள் எதையும் கேட்காமல், நேரடியாக ஒரு எண்ணின் பி மதிப்புக்குப் போகும் சூத்திரம். அதில் பை வரும், வர்க்கமூலம் வரும், அடுக்குக்குறி வரும். முழு எண்ணை எண்ணும் ஒரு கணக்கில் பைக்கு என்ன வேலை என்று யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

அதன் எளிய வடிவத்தில் 100 போட்டால் சுமார் 19.93 கோடி வரும். உண்மையான விடையைவிட 4.6 சதவீதம் அதிகம். தோராயத்துக்கு அது போதும். ஆனால் அவங்க அங்கே நிற்கவில்லை. முழுத் தொடரில் எட்டு உறுப்புகளை மட்டும் எடுத்து பி(200)-ஐக் கணக்கிட்டார்கள். வந்தது 3,972,999,029,388.004. மேக்மஹோன் டேபிளில் இருந்தது 3,972,999,029,388. பின்னாடி இருக்கிற .004-ஐத் தட்டிவிட்டால் துல்லியமான விடை.

தொடரை முடிவில்லாமல் நீட்டினால் அது ஒரு எண்ணில் குவியாது என்ற சிக்கல் மட்டும் மீதி இருந்தது. 1937-இல் ராடமேக்கர் அதைச் சின்ன மாற்றத்தால் குவியும் தொடராக்கினார். அதனால் இன்னைக்கு இதன் பெயர் ஹார்டி–ராமானுஜன்–ராடமேக்கர் சூத்திரம்.

மேத்தமேட்டிகாவின் ‘பார்ட்டிஷன்ஸ்-பி’ உள்ளே ஓடுவது இதுதான். சின்ன எண்ணுக்கு ஆய்லர் வழி, பெரிய எண்ணுக்கு இந்தச் சூத்திரம் என்று உல்ஃப்ராம் ஆவணமே சொல்கிறது. ஆரம்பத்தில் பார்த்த அந்த வித்தியாசத்தின் ரகசியம் இதுதான். ஒரு ஃபங்ஷன் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கிறது. இன்னொண்ணு கணிதத்தை நம்புகிறது.

சூத்திரமும் ஒண்ணு, வித்தியாசம் மட்டும் 500 மடங்கு

சரி, ஒரே சூத்திரத்தை ரெண்டு பேர் எழுதினால் வேகம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும்தானே? இல்லை.

ஃப்ரெட்ரிக் யோஹான்சன் என்பவர் 2012-இல் இதே சூத்திரத்தை ‘ஃப்ளிண்ட்’ என்ற சி மொழி லைப்ரரியில் எழுதினார். அதுவரை வெளியான மென்பொருள்களைவிட 500 மடங்குக்கும் அதிக வேகம். அதை வைத்து 10-இன் 19-ஆம் அடுக்குக்கு பி மதிப்பைக் கண்டுபிடித்தார். அந்த விடைக்கு மட்டும் சுமார் 352 கோடி இலக்கங்கள். என்ன செய்தார்? ரெண்டு விஷயம் புரிந்தால் போதும்.

முதலாவது, குணகம். தொடரின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு குணகம் உண்டு. வரையறையில் இருக்கிறபடி கணக்கிட்டால் ஒவ்வொன்றுமே ஒரு நீளமான கூட்டல். உறுப்பின் வரிசை எண்ணைப் பகா எண்களாக உடைத்தால், அதே குணகம் சில கோசைன்களின் பெருக்கலாகச் சுருங்கிவிடுகிறது.

ரெண்டாவது, துல்லியம். முதல் உறுப்புதான் ராட்சசன். அடுத்தடுத்த உறுப்புகள் வேகமாகச் சின்னதாகிக்கொண்டே போகும். பத்து இலக்கம் மட்டுமே பங்களிக்கப் போகிற உறுப்புக்கு எதுக்கு ஆயிரம் இலக்கத் துல்லியம்? உறுப்பு சின்னதாக ஆக, துல்லியத்தையும் குறைத்துக்கொண்டே போனார். கடைசிக் கூட்டத்துக்குச் சாதாரண மெஷின் எண்களே போதுமானதாக இருந்தது.

இதுக்கு எதிர்த்திசையில் ஒரு பள்ளம் இருக்கு, அதையும் பாருங்க. ‘அப்போ எல்லாத்தையுமே மெஷின் எண்ணில் போட்டுடலாமே’ என்றால் வேகம் இருக்கும், விடை இருக்காது. சாதாரண டபுளில் 15, 16 இலக்கம்தான் நம்பலாம். பி(1000)-க்கு 32 இலக்கம். பாதிக்கு மேல் வெறும் குப்பை. மாறாக, பையையும் வர்க்கமூலத்தையும் சிம்பலாகவே வைத்து, சுருக்கச் சொல்லிக் கேட்டால், எக்ஸ்பிரஷன் வீங்கிக்கொண்டே போகும், சிஸ்டம் திணறும். எத்தனை இலக்கம் வேணும் என்று முதலில் மதிப்பிட்டு, அதுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக் கணக்கிடுவதுதான் நடுவழி.

சிம்பாலிக் மொழிகளுக்கே உரிய சில இடக்குகள்

கணிதம் சரியாக இருந்தும் மொழியின் உள்கட்டமைப்பால் நேரம் போகும் இடங்கள் உண்டு. அடிக்கடி மாட்டுவது இவை.

லூப்புக்குள் ‘அப்பெண்ட்-டூ’: உல்ஃப்ராம் மொழியில் லிஸ்ட் என்பது மெமரியில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கும் வரிசை. கடைசியில் ஒண்ணு சேர்த்தால் மொத்த லிஸ்ட்டும் காப்பி ஆகும். ஒரு லட்சம் உறுப்புகளை இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மொத்தம் 500 கோடி காப்பி. ‘டேபிள்’ அல்லது ‘ஸோ–ரீப்’ ஜோடியைப் பயன்படுத்தினால் வேலை லட்சத்தோடு முடியும். லிஸ்ப்பில் கதை வேற. அங்கே லிஸ்ட் என்பது கண்ணி கண்ணியாகக் கோர்த்த சங்கிலி. முன்னாடி சேர்ப்பது ஒரே வேலை, பின்னாடி சேர்க்கத்தான் முழுச் சங்கிலியையும் நடந்து கடக்கணும். ஒரு மொழியில் பழகிய கை இன்னொரு மொழியில் தடுமாறுவது இங்கேதான்.

‘மேப்’பும் 100-உம்: ஒரு லிஸ்ட்டின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது ‘மேப்’. லிஸ்ட்டின் நீளம் 100-ஐத் தொட்டதும் மேத்தமேட்டிகா தானாகவே அந்த ஃபங்ஷனை கம்பைல் பண்ணப் பார்க்கும். ‘டேபிள்’ என்றால் அந்த எல்லை 250. அதனால் சில ஃபங்ஷன்களில் 99 உறுப்புக்கு ஆகும் நேரத்துக்கும் 100 உறுப்புக்கு ஆகும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

பேக் ஆன லிஸ்ட்: எல்லா உறுப்பும் ஒரே வகை மெஷின் எண்ணாக இருந்தால், மேத்தமேட்டிகா அதை நெருக்கமாக அடுக்கி வைக்கும். 10 லட்சம் முழு எண்களுக்குச் சுமார் 80 லட்சம் பைட்தான் ஆகும், கணக்கும் பறக்கும். உள்ளே ஒரே ஒரு சிம்பல், இல்லாட்டி ஒரே ஒரு மிகப்பெரிய முழு எண் நுழைந்தாலும் அந்த அடுக்கு கலைந்துவிடும். நம்ம பி மதிப்புகளே நல்ல உதாரணம். 64 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய முழு எண் சுமார் 9.22 × 10-இன் 18-ஆம் அடுக்கு. பி(405) அதுக்குள் அடங்கும், பி(406) அடங்காது. 405 வரை வைத்திருக்கும் லிஸ்ட்டை பேக் பண்ணலாம். இன்னும் ஒரே ஒரு மதிப்பு சேர்த்தால் பண்ண முடியாது. ‘நான் ஒரு எண்தானே சேர்த்தேன்?’ என்று புலம்பும் முன் இதை ஞாபகம் வச்சுக்குங்க.

அளக்கும்போது ஏமாறாதீங்க

நேரம் அளக்க மேத்தமேட்டிகாவில் ‘அப்சல்யூட் டைமிங்’, பைத்தானில் ‘டைம்-இட்’ இருக்கு. ஆனால் ஒரே ஃபங்ஷனை ரெண்டாவது தடவை ஓட்டினால் அது சூப்பர் வேகமாகத் தெரியலாம். அது உங்க கோடின் திறமை இல்லை. உள்ளே கேஷில் இருந்த பழைய விடை. மேத்தமேட்டிகா, சிம்பை ரெண்டுமே இப்படிச் சேமித்து வைக்கும். கேஷை அழித்துவிட்டு, இல்லாட்டி புதுசா ஸ்டார்ட் பண்ணி அளங்க. ஒரே ஒரு இன்புட்டுக்கு அளப்பதிலும் அர்த்தம் இல்லை. 25, 50, 100 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நேரம் எத்தனை மடங்காகிறது என்று பாருங்க. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு என்றால் நிம்மதி. நாலு மடங்கு என்றால் எங்கேயோ லிஸ்ட் காப்பி ஆகிறது. தொள்ளாயிரம் மடங்கு என்றால் நீங்க பிரிப்புகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கீங்க.

வேகத்துக்கு முன்னாடி ஒரு செக்

வேகப்படுத்தும் ஆசையில் விடையைத் தொலைத்துவிடக் கூடாது. அதுக்கும் ராமானுஜனே ஒரு டெஸ்ட் விட்டுட்டுப் போயிருக்கார். மேக்மஹோனின் டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் ஒண்ணு பட்டது. 4-இலோ 9-இலோ முடியும் எந்த எண்ணுக்கும் பி மதிப்பு 5-ஆல் மீதியில்லாமல் வகுபடும். பி(4) = 5, பி(9) = 30, பி(14) = 135, பி(19) = 490. பார்த்ததோடு விடாமல் நிரூபிக்கவும் செய்தார்.

உங்க வேகமான ஃபங்ஷனிடம் பி(999) கேளுங்க. கடைசி இலக்கம் 0 அல்லது 5 இல்லை என்றால், எங்கேயோ துல்லியம் போயிடுச்சு. தப்பான விடைகூட தற்செயலாக ஒரு தடவை பாஸ் ஆகலாம். அதனால் 9-இலும் 4-இலும் முடியும் பத்து எண்களுக்குப் போட்டுப் பாருங்க. பத்தும் பாஸ் ஆனால் நம்பிக்கையோடு அடுத்த வேலைக்குப் போகலாம்.

மேத்தமேட்டிகா லைசென்ஸ் இல்லையா? ராஸ்பெர்ரி பை போர்டு இருந்தால் அதில் இலவசமாகவே ஓடும். அதுவும் இல்லாட்டி பைத்தானும் சிம்பையும் போதும். முதலில் ஆய்லர் வழியை மறதியோடு எழுதுங்க, பி(30)-லேயே இழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் அந்த ஒரு வரி கேஷைச் சேருங்க. அதே பி(30), அதே சூத்திரம், அதே லேப்டாப். நேரத்தை மட்டும் பாருங்க.